குடும்பப் பெயரின் வேர்: ராமநாதபுரம் கடற்கரையில் தேடத் தொடங்குவோருக்கு

தொண்டியிலோ தங்கச்சிமடத்திலோ ஒருவரிடம் குடும்பப் பெயர் என்னவென்று கேட்டால், பெரும்பாலும் அப்பா பெயரின் முதலெழுத்துதான் பதிலாக வரும். அதே கேள்வியை "உங்க வீட்டுக்கு ஊருக்குள்ள என்ன பேரு?" என்று மாற்றிக் கேட்டால் வேறொரு பெயர் வரும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளும் சென்னையில் குடியேறிய பேரப்பிள்ளைகளும் வேர் தேட வந்து முதல் வாரத்திலேயே சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை ஊருக்குக் கொண்டுவந்து விசாரித்தால் ஊரில் யாருக்கும் அது தெரியாது. இந்தக் கரையில் பெயர் ஆளோடு மட்டும் ஒட்டியிருப்பதில்லை. வீட்டோடு, கோவிலோடு, பங்கோடு (கத்தோலிக்கத் தேவாலய வட்டாரத்தோடு), கடையோடு ஒட்டியிருக்கிறது. ஆகவே பெயர் ஒட்டியிருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பெயரும் அங்கே கிடைத்துவிடும்.

பெயர் எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்

ஆவணம் தேடப் போகுமுன் கையிலுள்ள பெயரின் வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் பல மாத அலைச்சல் மிச்சமாகும்.

முதலெழுத்து குடும்பப் பெயர் ஆகாது. ஒவ்வொரு தலைமுறையிலும் அது மாறும். வெளிநாடுகள் சிலவற்றில் அப்பா பெயரையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். அங்கே இரண்டு தலைமுறையாக நிற்கிற "குடும்பப் பெயர்" ஒரு தாத்தாவின் சொந்தப் பெயராக இருக்கலாம். அதை வைத்து ஊரில் பரம்பரை தேடினால் அந்தத் தாத்தாவோடு பாதை நின்றுவிடும்.

சேர்வை, தேவர், அம்பலம், மரைக்காயர், ராவுத்தர், லெப்பை, பட்டங்கட்டி என்பவை பட்டங்கள். ஒரே பட்டம் உள்ள ஆயிரம் குடும்பங்கள் ஒரே வேரிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை. ராவுத்தர் என்ற சொல் குதிரைவீரரைக் குறித்தது. மரைக்காயர் என்பதை மரக்கலத்தோடு இணைத்துச் சொல்வாரும் உண்டு, அரபு மூலம் சொல்வாரும் உண்டு. பட்டங்கட்டி என்பது பரதவர் ஊர்களில் ஊர்த்தலைமை வகித்தவரின் பதவிப் பெயர். பட்டத்திலிருந்து பெறக்கூடியது தொழிலும் தகுதியும்தான். எந்த வீடு என்பதைப் பட்டம் சொல்லாது.

பர்னாந்து, ரொட்ரிகோ, பெரைரா, கோமஸ், மச்சாது, மோத்தா, குரூஸ், மிராந்தா போன்ற பெயர்கள் தனி வகை. 1530-களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தக் கரைக்கு வந்தார். ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்ற போர்ச்சுகீசியரின் பெயரோ அன்று வழக்கிலிருந்த போர்ச்சுகீசியப் பெயரோ குடும்பத்துக்கு ஒட்டிக்கொண்டது. ஆகவே பர்னாந்து என்ற பெயர் போர்ச்சுகீசிய ரத்தத்துக்குச் சாட்சி ஆகாது. இலங்கையின் மேற்குக் கரையில் சிங்களக் குடும்பங்களுக்கும் அதே பெயர் உண்டு, அவர்களும் உங்கள் உறவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்தப் பெயர்களுக்கு 16-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் இங்கே வேர் இல்லை. அதற்கு முந்தைய கதையை இந்தப் பெயரை வைத்துத் தேட வழியில்லை.

விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளாலான அடையாளம், வணிகக் குடும்பங்களின் சொத்து. மு.செ. என்று எழுதி "மூனா சேனா" என்று சொல்வது, அ.கா. என்று எழுதி "ஆனா கானா" என்று சொல்வது. கடைப் பலகை, கணக்குப் பேரேடு, பழைய உறை, பள்ளிவாசலுக்குக் கொடுத்த விளக்கு என எல்லாவற்றிலும் இந்த எழுத்துகள்தான் இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு முன்னோரின் பெயர். பெரும்பாலும் முதல் எழுத்து மூத்தவர், அடுத்தது அவர் மகன். அண்ணன் தம்பி பிரிந்து தனிக்கடை போட்டபோது எழுத்து கூடும். எனவே மூன்றெழுத்து விலாசம் கையில் இருந்தால் அதன் இரண்டெழுத்துத் தாய் விலாசம் பக்கத்துத் தெருவில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பங்காளி வீடு அங்கே கிடைக்கும்.

கடைசியாக வீட்டுப் பெயர், வகையறா (ஒரே வழியில் வந்த குடும்பங்களின் கூட்டுப் பெயர்). தபால்காரருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரிந்த பெயர் இது. எந்தப் பத்திரத்திலும் தலைப்பாக வராது. ஆனால் மற்ற எல்லாக் கதவுகளையும் திறப்பது இதுதான்.

வீட்டில் தொடங்குங்கள்

80 பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், கூப்பிட்ட பெயர், பிறந்த ஊர், கட்டிய ஊர், செத்த ஊர், செய்த தொழில், யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது. கடைசி இரண்டையும் விட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போது எதை நம்புவதென்று தெரியாது.

பெரியவர்களிடம் "நம்ம பூர்வீகம் எது?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அழகான கதை வரும், தகவல் வராது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"கொள்வினை கொடுப்பினை எந்தெந்த ஊரோட வச்சிருந்தாக?"
"யாரு செத்தா நமக்குத் தீட்டு?"
"அப்பத்தாவைப் பெத்த வீடு எது? அவுகளுக்கு அண்ணன் தம்பி யாரு?"
"வருஷத்துக்கு ஒருதரம் எந்தக் கோவிலுக்கு வரி கொடுத்தோம்?"

தீட்டுக் காக்கிறவர்கள் பங்காளிகள், பெண் கொடுத்து எடுக்கிறவர்கள் மாமன் மச்சான். இந்த இரண்டு வட்டத்தையும் தனித்தனியாக வரைந்தாலே குடும்பம் நகர்ந்த பாதை பாதி தெரிந்துவிடும். புதிதாகக் குடிவந்த குடும்பம் முதல் இரண்டு தலைமுறைக்குப் பழைய ஊரிலேயே பெண் எடுக்கும். பெண் எடுத்த ஊர்கள் வரிசையாக மாறிக்கொண்டே வந்தால், வந்த வழி அதுவாகத்தான் இருக்கும்.

பெண் வழியைச் சேர்த்துக் கேட்பதில் இன்னொரு காரணமும் உண்டு. கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கிளை (குல உட்பிரிவு) தாய்வழியாக வருகிறது. கீழக்கரை மரைக்காயர் குடும்பங்கள் பலவற்றில் வீடு மகளுக்குப் போகும், மருமகன் அந்த வீட்டுக்கு வருவார். அங்கே தகப்பன் வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் வீடு மாறும், தெரு மாறும், "எங்கள் குடும்பத்துக்கு நிலையான இடமே இல்லை" என்ற தவறான முடிவுக்கு வருவீர்கள். வீட்டுப் பத்திரத்தை உம்மா (அம்மா), உம்மாவின் உம்மா என்று பிடித்துப் போனால் ஒரே வாசலில் நான்கு தலைமுறை நிற்பதைப் பார்க்கலாம்.

மொய் நோட்டைக் கேட்டு வாங்குங்கள். காதுகுத்து, கல்யாணம், சடங்கு என எல்லாவற்றுக்கும் நோட்டு இருக்கும். பீரோவின் அடித்தட்டிலோ டிரங்குப் பெட்டியிலோ கிடக்கும். அதில் ஊர் முதலில், பெயர் அடுத்து, தொகை கடைசியில். "சாயல்குடி – மு. இருளப்பன் – 2", "வேதாளை – சீ. செய்யது – 5" என்ற மாதிரி வரிகள். தொகையை விடுங்கள், ஊரை எண்ணுங்கள். எந்த ஊரிலிருந்து ஒரே கல்யாணத்துக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்களோ அந்த ஊரில் உங்களுக்கு வேர் இருக்கிறது. 1960-களின் மொய் நோட்டு ஒன்று பத்துப் பெரியவர்களின் நினைவுக்குச் சமம். பூச்சி அரித்திருந்தால் விரித்துத் தட்டாமல், இருந்த நிலையிலேயே பக்கம் பக்கமாகப் படமெடுங்கள்.

இடுபெயர்களும் துப்பு சொல்லும். நம்புராஜன், நம்புவேல் என்று "நம்பு" சேர்ந்த பெயர்கள் ராமேஸ்வரம் தீவின் நம்புநாயகி அம்மனைச் சார்ந்தவை. வழிவிட்டான் என்றால் ராமநாதபுரம் வழிவிடும் முருகன். சந்தியாகு என்றால் தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பரை நினையுங்கள். அருளானந்து என்றால் ஓரியூர், 1693-இல் அருளானந்தர் கொலையுண்ட இடம். தொலைதூரத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்தப் பெயர்களில் ஒன்று வைத்திருந்தால், வீட்டில் யாரோ அந்தக் கோவிலுக்கு நேர்ந்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தா பெயரை மூத்த பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால், ஒன்றுவிட்ட தலைமுறையில் அதே பெயர் திரும்ப வரும். இரண்டு ஆட்களை ஒருவராகக் கருதி எழுதிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகச் சாதாரணமான தவறு. ஒரே பெயர் 60 வருஷ இடைவெளியில் இரண்டு பத்திரங்களில் வந்தால் அது தாத்தாவும் பேரனும்தான் என்று வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள மகனைத் தேடுங்கள்.

குலதெய்வமும் பிடிமண்ணும்

இந்து மீனவக் குடும்பங்களுக்கும் உள்நாட்டுக் குடும்பங்களுக்கும் ஆவணத்தைவிடக் கோவில் நீண்ட நினைவு வைத்திருக்கிறது. ஊர் விட்டுப் போகிறவர்கள் மூலக் கோவிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து புது ஊரில் கோவில் கட்டுவார்கள். ஆகவே உங்கள் ஊர்க் கோவிலில் பூசாரியிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "இந்தக் கோவிலுக்கு எங்கேயிருந்து பிடிமண் எடுத்தது?" பதிலாக வரும் ஊருக்குப் போய் அங்கேயும் அதையே கேளுங்கள். இரண்டு மூன்று தாவலில் மூலக் கோவில் வந்துவிடும்.

மூலக் கோவிலில் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் கோவில் வரி) நோட்டைப் பாருங்கள். வரி கொடுக்கும் குடும்பங்களின் பெயர் வகையறா வாரியாக இருக்கும். மாசி மாதக் குலதெய்வத் திருவிழாவான மாசிக் களரி சமயத்தில் போனால் எல்லா ஊர்ப் பங்காளிகளும் அங்கே கூடியிருப்பார்கள். சாதாரண நாளில் ஒரு வருஷம் அலைந்து பார்க்கவேண்டிய ஆட்களை ஒரே இரவில் பார்க்கலாம். கும்பலில் நோட்டை நீட்டாதீர்கள். சாமி கும்பிட்டு, வரியைக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் உட்கார்ந்து பேசுங்கள்.

பங்கு ஏடுகள், ஜமாஅத் ஏடுகள்

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஞானஸ்நான ஏடும் திருமண ஏடும் பெரிய பொக்கிஷம். இந்தக் கரைப் பங்குகள் 1987 முதல் சிவகங்கை மறைமாவட்டம். அதற்கு முன் மதுரை. இன்னும் பின்னால் போனால் சில பங்குகள் மயிலாப்பூரின் கீழும் இருந்தன. ஏடு பங்கில் இல்லையென்றால் எந்த ஆட்சியின் கீழ் அந்த வருஷம் அந்தப் பங்கு இருந்தது என்று கேட்டு, அந்த ஆயர் இல்லத்துக்கு எழுதுங்கள்.

பங்குத்தந்தையிடம் வார நாளில் காலையில் போங்கள். ஞாயிற்றுக்கிழமையும் திருவிழா நாட்களும் வேண்டாம். ஒரு தாளில் பெயர், தகப்பன் தாய் பெயர், உத்தேச வருஷம் எழுதிக் கொடுங்கள். வருஷத்தை ஐந்து முன், ஐந்து பின் என்று கேளுங்கள். பழைய ஏடுகளில் பொருளடக்கம் ஞானப்பெயர் வரிசையில் இருப்பது வழக்கம், பர்னாந்து என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. பதிவு லத்தீனில் இருந்தால் பயப்பட வேண்டாம். ஃபிலியுஸ் மகன், ஃபிலியா மகள், பத்ரீனுஸ் ஞானத்தகப்பன், விதுவா கைம்பெண். நான்கு சொல் தெரிந்தால் வேலை நடக்கும். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அவர்கள் தாய்மாமனும் அத்தையுமாக இருப்பார்கள்.

திருமண ஏட்டில் உறவுத் தடை விலக்கு பெற்ற குறிப்பு இருந்தால் அதை விடாதீர்கள். அத்தை மகள், மாமன் மகளைக் கட்டுவது வழக்கமான கரை என்பதால் இந்தக் குறிப்பு நிறைய வரும். பழைய திருச்சபைக் கணக்கில் இரண்டாம் நிலை என்றால் மணமக்களுக்குத் தாத்தா பாட்டி பொது. மூன்றாம் நிலை என்றால் கொள்ளுத்தாத்தா பொது. 1983-க்குப் பிறகு கணக்கிடும் முறை மாறியது. அதே அத்தை மகள் உறவு நான்காம் நிலை என்று எழுதப்படும். வருஷத்தைப் பார்க்காமல் நிலையைப் படித்தால் ஒரு தலைமுறை தவறிவிடும்.

முஸ்லிம் குடும்பங்களுக்குப் பள்ளிவாசலின் நிக்காஹ் தப்தர், அதாவது திருமணப் பதிவேடு. மணமகன் வாப்பா (அப்பா) பெயர், மணமகள் வாப்பா பெயர், வலி (மணமகளின் பொறுப்பாளர்), சாட்சிகள், மஹர் (மணக்கொடை), ஊர். வலியாக நின்றவர் வாப்பா இல்லையென்றால் அந்த நேரத்தில் வாப்பா மௌத்தாகியிருக்கலாம் (இறந்திருக்கலாம்) அல்லது கடல் கடந்திருக்கலாம். இரண்டையும் விசாரியுங்கள். அரபுத் தமிழில் எழுதிய ஏடுகளும் கடிதங்களும் உண்டு. அரபு எழுத்தில் தமிழே இருக்கும். ஓதத் தெரிந்த ஒரு பெரியவர் வாய்விட்டுப் படித்தால் உங்களுக்கே புரியும். மையவாடியில் (அடக்கத்தலத்தில்) மீசான் கல்லைக் (கல்லறைக் கல்லைக்) காலை 8 மணிக்கு முன்னோ மாலை 5 மணிக்குப் பின்னோ படமெடுங்கள். சாய்ந்த வெயிலில்தான் தேய்ந்த எழுத்தின் நிழல் விழும். சுண்ணாம்போ மாவோ பூசித் தேய்க்கக் கூடாது. உப்புக் காற்றில் ஏற்கனவே உதிரும் கல் அது.

சார்பதிவாளர் அலுவலகமும் நிலக் கணக்கும்

பழைய கிரயப் பத்திரத்தின் முதல் நான்கு வரி போதும். இன்ன ஊர் இன்ன தெருவிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார், இன்ன மதம், இன்ன ஜீவனம் என்று ஆளை முழுதாக அடையாளம் காட்டும். அடுத்து நான்கெல்லை. "இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் தோட்டத்துக்குத் தெற்கு" என்ற வரியில் பக்கத்து வீட்டுப் பங்காளி கிடைப்பார். தாய்ப் பத்திரம் (அதே சொத்தின் முந்தைய பத்திரம்) எது என்ற குறிப்பைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பின்னால் போங்கள்.

இணையத்தில் வில்லங்கச் சான்று ஒரு குறிப்பிட்ட வருஷம் வரைதான் பின்னோக்கிப் போகும். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். பெயர்வாரி அட்டவணை தனி, சொத்துவாரி அட்டவணை தனி. சர்வே எண் தெரியாதவர்கள் பெயர்வாரி அட்டவணையில் தேடக் கேட்கலாம்.

நிலக் கணக்கில் ஒரு பெரிய வெட்டு இருக்கிறது. இந்தப் பகுதி 1803 முதல் ராமநாதபுரம் ஜமீன். 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபின்தான் அரசு நேரடியாகச் செட்டில்மென்ட் (நிலவரித் திட்டம்) செய்தது. தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கிடைப்பது போல 19-ஆம் நூற்றாண்டு ரயத்துவாரிப் (உழவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கிய முறையின்) பதிவேடு இங்கே கிடைக்கவில்லை என்று மனம் தளர வேண்டாம், இருந்திருக்க வழியில்லை. அந்தக் காலத்துக்குப் பத்திரமும், ஊர்க் கணக்கு எழுதிய கணக்கப்பிள்ளைக் குடும்பங்களின் வீட்டிலுள்ள ஏடுகளும்தான். பரம்பரைக் கணக்கப்பிள்ளை பதவி 1980-இல் ஒழிந்தது, ஏடுகள் சில வீடுகளில் தங்கிவிட்டன.

வருஷத்தை மாற்றும் கணக்கு

வருவாய்க் கணக்கில் பசலி என்ற வருவாய் ஆண்டு இருக்கும். 590 கூட்டுங்கள்: பசலி 1362 என்றால் 1952 ஜூலை முதல் 1953 ஜூன் வரை. இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரியை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஒரு வருஷ வித்தியாசத்துக்குள் வரும்: 1300 என்றால் 1883-ஐ ஒட்டி. சக வருஷத்துக்கு 78 கூட்ட வேண்டும். தமிழ் வருஷம் மட்டும் இருந்தால் எச்சரிக்கை, அது 60 வருஷத்துக்கு ஒருமுறை சுற்றும். குரோதி 1904-லும் வந்தது, 1964-லும் வந்தது. "குரோதி மார்கழிப் புயல்" என்று பாட்டி சொன்னால் அது தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் 22-23 புயல். தனுஷ்கோடியில் பிறந்தவர்களின் பதிவுக்கு முதலில் ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் பள்ளிகளிலும் பங்குகளிலும் கேளுங்கள்.

கடல் கடந்த பெயர்கள்

பழைய ஆவணத்தில் "ராமநாதபுரம் ஜில்லா" என்று பார்த்ததும் கடற்கரைக்கு ஓடிவராதீர்கள். 1910-இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து வெட்டி உருவாக்கிய அந்த ஜில்லாவில் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், அருப்புக்கோட்டை, சிவகங்கை, காரைக்குடி எல்லாம் இருந்தன. 1985-இல்தான் மூன்றாகப் பிரிந்தது. தாலுகா பெயரைப் பிடியுங்கள். 1910-க்கு முந்தைய தாளில் உங்கள் ஊர் "மதுரை ஜில்லா" என்றே இருக்கும்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கங்காணியோடு (ஆள் சேர்த்து அழைத்துப்போன மேற்பார்வையாளரோடு) போனார்கள், ஒரு கங்காணியின் ஆட்கள் பெரும்பாலும் அவர் சொந்த ஊர்ச் சுற்றுவட்டாரம். உங்கள் முன்னோரின் ஊர் தெரியாவிட்டால் கங்காணியின் ஊரைத் தேடுங்கள். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964 அக்டோபரில் செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியாக வந்தார்கள். அவர்களின் குடும்ப அட்டையையும் இந்தியப் பாஸ்போர்ட்டையும் பார்க்கவும். அவற்றிலுள்ள சொந்த ஊர் அவர்கள் பாட்டன் வாய்மொழியாகச் சொல்லி வந்தது. கேட்ட அதிகாரி காதுக்கு எட்டியபடி எழுதியிருப்பார். வாய்விட்டு நான்கைந்து விதமாக உச்சரித்துப் பார்த்தால் உண்மையான ஊர் பிடிபடும்.

எழுத்துக்கூட்டல் கடல் கடக்கும்போது கரையும். மரைக்காயர் இலங்கையில் மரிக்கார், பினாங்கில் மெரிக்கன். ஆங்கிலத்தில் சி, கே இரண்டையும் போட்டுத் தேடுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அங்கே மரண அறிவிப்பிலும் கடை விளம்பரத்திலும் விலாச எழுத்துகளைத் தேடினால் சில சமயம் ஊர்ப் பெயரோடு ஆள் கிடைப்பார்.

எழுதி வைக்குமுன்

ஒரு தலைமுறைக்கு 25 முதல் 30 வருஷம். 400 வருஷப் பரம்பரை என்று சொல்லும் வீட்டில் ஆறு பெயர்தான் தெரியும் என்றால் நடுவில் எட்டு, பத்துப் பேர் விடுபட்டிருக்கிறார்கள். எகிப்திலிருந்து வந்தோம், அயோத்தியிலிருந்து வந்தோம் என்ற மரபுக் கதைகளை மதித்து எழுதுங்கள், தனிப் பக்கத்தில் எழுதுங்கள், யார் சொன்னது என்ற வரியோடு. ஆவணம் உள்ள பெயர்களை மையிலும், வாய்மொழி மட்டும் உள்ளவற்றைப் பென்சிலிலும் எழுதினால் பின்னால் வருபவர் குழம்ப மாட்டார். பழைய ஆவணத்தில் வயது 40, 50, 60 என்று முழு எண்ணாக இருந்தால் ஐந்து வருஷம் முன்பின் வைத்துக்கொள்ளுங்கள்.

தேடும்போது இரண்டாம் தாரம், மதம் மாறியது, தத்து வந்தது, வீட்டை விட்டுப் போனவர் என்று வீட்டார் மறைத்தவை வெளிவரும். உயிரோடிருப்பவரைப் பற்றியது என்றால் அவர் சம்மதமில்லாமல் பிரதி எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். முடிந்த பட்டியலை நான்கு பிரதி எடுத்து ஒன்றைப் பங்காளி வீட்டிலும், ஒன்றை மாமன் வீட்டிலும், ஒன்றைக் கோவில் அல்லது பங்கு அல்லது ஜமாஅத்திலும் கொடுங்கள். ஒவ்வொரு பிரதியிலும் வலது பக்கத்தை வெறுமையாக விடுங்கள், திருத்தம் அங்கே எழுதப்பட்டுத் திரும்பி வரும்.